உண்கலம்

உண்ணுதற்கு உதவும் கலம் உண்கலம் எனப்படும். தட்டு, தாலம், வட்டில், கிண்ணம், குவளை என்று உண்கலங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. அயல்மொழியிலிருந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்ட பெயர்களும் உண்டு. கோப்பை என்பது போர்ச்சுக்கீசியர் வாயிலாக வந்த சொல். பீங்கான் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். கலம் வந்த வழியை அதன் பெயரே காட்டி நிற்கின்றது.

தமிழர் விருந்துக்கு வாழையிலையே சிறந்தது என்பது உண்மைதான். ஆயினும் இலை அன்றன்றே பசுவுக்கு இரையாகிவிடும். மண்கலமோ உடைந்த பின்னும் அழிவதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவன் கைதவறி உடைத்த தட்டு இன்றும் மண்ணுக்குள் கிடந்து, அவன் வாழ்ந்த காலம் எது, அவன் எந்நாட்டாரோடு வாணிகம் செய்தான் என்று நமக்குக் கூறும். அவ்வாறு உடைந்த கலங்கள் மிகுதியாகக் கிடைத்த இடம் ஒன்று புதுவை நகருக்கு அருகில் உள்ளது.

நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து, மரங்கள் செறிந்த மேடு ஒன்று தோன்றும். அதுவே அரிக்கமேடு. சுக்கிரன் கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியைக் காண்பதற்காகக் கடல் கடந்து புதுவைக்கு வந்த லெ ழாந்தீல் என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர், அப்பக்கத்து ஆற்றங்கரையில் ஊர்மக்கள் பழைய செங்கற்களைப் பெயர்த்து எடுப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். பாவம், 1769ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் எதிர்பார்த்திருந்த அக்காட்சியை மேகம் மறைத்துவிட்டது. வானம் காட்ட மறுத்தாலும் மண் சிறிது காட்டியது என்று நாம் மகிழலாம்.

பின்னர், புதுவையில் வாழ்ந்த ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் அம்மேட்டில் கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் கண்டு, அது உரோம நாட்டோடு தொடர்புடைய இடம் என்று உணர்ந்தார். 1944ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் உரோமர் மதுச்சாடியின் உடைந்த பகுதி ஒன்றைக் கண்டு, அது வந்த இடத்தைத் தேடிப் புதுவைக்கு வந்தார். 1945ஆம் ஆண்டு, பயிற்சி மாணவர்களையும் கூட்டிக்கொண்டு அரிக்கமேட்டை முறையாக அகழ்ந்தார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்னும் அம்மையாரும் அங்கு அகழ்வாய்வு நடத்தினர்.

அகழ்ந்தோர்க்குக் கிடைத்தவற்றுள் பொன்னினும் சிறந்ததாய் அமைந்தது எது, தெரியுமா? செந்நிறமான சில ஓட்டுத் துண்டுகளே. இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரத்தின் பெயரால் வழங்கும் பளபளப்பான உண்கலங்களின் உடைந்த பகுதிகள் அவை. செய்தவன் பெயரைக் கலத்தின் அடியில் முத்திரையாகப் பதிப்பது அந்நாட்டு வழக்கம். எந்தப் பட்டறையின் முத்திரை எந்தக் காலத்தது என்பதை ஐரோப்பிய அறிஞர் முன்னமே வரையறுத்திருந்தனர். ஆகவே அந்தத் துண்டு கிடைத்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என்று துணிய முடிந்தது. அவ்வடுக்கில் உடன் கிடைத்த நம் நாட்டுக் கலங்களுக்கும் காலம் கிடைத்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்கு அந்த உடைந்த தட்டு ஒரு முளைக்குச்சியாயிற்று. அதில் கயிற்றைக் கட்டியே ஏனைய ஊர்களின் காலங்களை அளந்தனர்.

செந்நிறத் தட்டுகள் சிலவே. அவற்றினும் மிகுதியாகக் கிடைத்தது வேறொரு தட்டு. அகன்ற வாய், உட்புறமாகச் சற்றே வளைந்த விளிம்பு, சாம்பல் நிறமோ கருநிறமோ கொண்ட வழுவழுப்பான உடல். அதன் உட்புற நடுவில், சிறு சிறு கீற்றுகளால் ஆன வட்டங்கள் ஒன்றனுள் ஒன்றாய் இரண்டு மூன்று வரிசைகளாக அமைந்திருக்கும். இதனை உருளை ஒப்பனைக் கலம் என்பர். ஈரம் பாதி உலர்ந்த தட்டைத் திகிரியில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, பற்கள் உள்ள சிறு சக்கரத்தை மேலே பதித்தால் இவ்வட்டம் தோன்றும் என்பர் சிலர். மெல்லிய உலோகத் தகட்டின் நுனியைச் சுழலும் தட்டின்மேல் தொட்டு நிறுத்தினால், அது துள்ளித் துள்ளிப் படும்போதே கீற்றுகள் விழும் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், இவ்வொப்பனை தட்டின் உட்புற நடுவில் அமைந்தது என்பதைக் கருதுக. சோறு நிறைந்திருக்கும்போது அது தெரியாது. உண்ண உண்ணத் தெரியும். விருந்தினன் வயிறார உண்டான் என்பதற்கு அவ்வட்டமே சான்று. இதை வகுத்த குயவன் விருந்தோம்பல் அறிந்தவனாகத்தான் இருந்திருத்தல் வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

இத்தட்டைக் கண்ட வீலர், இவ்வளவு நேர்த்தியான தொழில் மேலைக் கடற்கரை நாடுகளிலிருந்துதான் வந்திருக்கும் என்று முதலில் கருதினார். பின்னர் மண்ணின் கூறுகளை ஆராய்ந்தோர் அது இந்திய மண்ணே என்று காட்டினர். கங்கையாறு கடலோடு கூடும் வங்கப் பகுதியிலேயே பெரும்பாலும் செய்யப்பட்டது என்பது அவர்கள் முடிபு. அழகன்குளத்திலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், தொலைவில் உள்ள பாலித் தீவிலும் இதே வகைத் தட்டு கிடைத்துள்ளது. நம்மவர் கைத்திறத்தைப் பிறர் கைத்திறம் என்று எண்ணிய பிழையைத் திருத்தியது எந்த ஏடும் அன்று. தட்டின் மண்ணே திருத்தியது. அரிக்கமேட்டு ஓடுகள் சிலவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. இக்காலத்தில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பது நம் இல்லங்களில் வழக்கம் அல்லவா? வழக்கம் பழையது, கலம்தான் புதியது.

இனி, ஈரமண் எங்ஙனம் அழியாக் கலமாகின்றது என்பதைக் காண்போம். களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தகடுகளின் கூட்டம். நீர் சேர்ந்தால் அத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் குயவர் கையில் அது இழுத்த இழுப்புக்கு வருகின்றது. உலர்ந்தால் இறுகும், மீண்டும் நீர் பட்டால் கரைந்து சேறாகும். சூளையில் வைத்து வெப்பத்தை ஏற்றினால் ஏறத்தாழ 500 அல்லது 600 பாகை செல்சியசில் மண்ணின் உட்கூற்றோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகின்றது. அதன்பின் அது மண்ணாக மீளாது. எத்தனை மழை பெய்தாலும் கரையாது. அரிக்கமேட்டு ஓடு ஈராயிரம் ஆண்டு ஆற்றங்கரை ஈரத்தில் கிடந்தும் அழியாதிருந்ததற்கு இதுவே காரணம்.

புதுவைக்கு மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் வில்லியனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ளோர் வழிவழியாகச் சுடுமண் தொழில் செய்து வருகின்றனர். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமி 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டார். அத்தொழிலாளர் மண்ணை ஊற வைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கலந்து காலால் மிதித்துப் பதமாக்குவர். பதம் தவறினால் சூளையில் வெடிக்கும். ஆறு நாள் உழைப்பு ஒரு நொடியில் போகும்.

இவ்வாறு சுட்ட செம்மண் கலத்தில் நுண்துளைகள் இருக்கும். தண்ணீர்ப் பானைக்கு அதுவே நலம். நீர் கசிந்து ஆவியாக, உள்ளிருக்கும் நீர் குளிரும். ஆனால் நெய்யும் குழம்பும் இடும் தட்டுக்குத் துளை ஆகாது. அதற்கு இருவழி உண்டு. ஒன்று, மண்ணையே 1200 முதல் 1300 பாகை வரை சுட்டுத் துளை அடைபட இறுக்குதல். மற்றொன்று, கண்ணாடி போன்ற மெருகை மேலே படியச் செய்தல்.

இவ்விரு வழியையும் புதுவையில் நிலைபெறச் செய்தவர் இருவர். டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் 1971ஆம் ஆண்டு இங்குக் கோல்டன் பிரிட்ஜ் மட்கலத் தொழிற்சாலையைத் தொடங்கினர். அம்மையார் முன்னரே சப்பான் நாட்டில் மட்கலக் கலையைப் பயின்றவர். சவுக்கு விறகு இட்ட சூளையில் கல்லைப் போல் இறுகிய தட்டும் குவளையும் செய்தனர். நம் ஊர் இளைஞருக்குத் தொழில் கற்பித்தனர். பிற மாநிலங்களிலிருந்தும் பலர் வந்து பயின்று சென்றனர். இன்று புதுவை மட்கலம் என்றால் நாடெங்கும் அறிவர். மீக்கரின் ஊக்கம் கலத்தோடு நிற்கவில்லை. களிமண்ணால் வீடு கட்டி, அவ்வீட்டையே சூளையாக்கிச் சுட்டும் பார்த்தார்!

மெருகைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். மெருகு என்பது மணற்சத்து உருகிக் கண்ணாடியாதல். அதைக் குறைந்த வெப்பத்திலேயே உருக்குவதற்காக ஈயத்தைக் கலப்பது பழங்காலந்தொட்டுப் பல நாடுகளில் இருந்த வழக்கம். ஈய மெருகு கண்ணைப் பறிக்கும். ஆனால் செவ்வையாகச் சுடப்படாத ஈய மெருகிலிருந்து, புளி, தயிர், எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் ஈயத்தைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொள்ளும். அது உடலில் சேர்ந்தால் நரம்பைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியையும் குன்றச் செய்யும். சில ஆண்டுகளுக்கு முன் சந்தை ஒன்றில் மஞ்சள் மெருகு பூசிய கிண்ணம் ஒன்றை மலிவாக வாங்கினேன். ஓர் இரவு அதில் தயிர் உறைய வைத்தோம். காலையில் பார்த்தால், தயிர் நின்ற அளவுக்கு மெருகு மங்கிக் கிடந்தது. மங்கியது ஈயமோ வேறோ நான் அறியேன். தயிரைக் கொட்டினோம், கிண்ணத்தையும் விலக்கினோம். விலை மலிவு என்று மகிழ்ந்த என் வாயை என் மனைவி அன்று நன்றாக அடைத்தாள்.

இவ்வளவு அறிந்தும், சென்ற ஆண்டு என் வீட்டிலேயே எனக்கு ஒரு சோதனை வந்தது. என் பேத்தி ஒன்பதாம் வகுப்பில் பயில்பவள்; கைவேலையில் விருப்பம் உடையவள். என் பிறந்த நாளன்று வெண்ணிறக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். விளிம்பைச் சுற்றி நீலப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ். நடுவே மஞ்சள் புள்ளி. ஒரு பூவுக்கும் மறு பூவுக்கும் இம்மியும் வேறுபாடு இல்லை.

“தாத்தா, இதை நானே வீட்டில் செய்தேன். இன்று பாயசத்தை இதில்தான் நீங்கள் குடிக்க வேண்டும்” என்றாள்.

“மண் எங்கிருந்து வந்தது, அம்மா?” என்று கேட்டேன்.

“கடையில் வாங்கிய பாலிமர் களிமண். பாட்டியின் கேக் அடுப்பில் சுட்டேன்” என்றாள்.

கடையில் வந்த உறையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். பொடி எழுத்தில், உணவு படும் கலங்களுக்கு இது ஏற்றதன்று என்று செய்தவர்களே அச்சிட்டிருந்தனர். குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் உறங்காமல் செய்தாளாம். ஒருமுறை குடித்தால் என்ன ஆகிவிடும் என்று என் மனமே எனக்கு எதிராக வழக்காடியது. ஆனால் ஒருமுறையோடு நில்லாது. தாத்தா குடித்தார் என்றால் தம்பியும் குடிப்பான். தோழியருக்கும் அவள் செய்து கொடுப்பாள். ஆகவே, “கண்ணே, இதில் குடிக்க மாட்டேன்” என்றேன்.

அவள் அழவில்லை, வாதிட்டாள். “இதுவும் களிமண்தானே? இதையும் சுட்டேன் அல்லவா? தீயில் சுட்ட கலத்துக்குக் கேடில்லை என்று நீங்கள்தாமே கூறினீர்கள்?”

நல்ல கேள்வி. பெயரில்தான் வந்தது பிழை. பாலிமர் களிமண்ணில் மண் என்பதே இல்லை. பாலிமர் என்பதைப் பலபடி என்று அறிவியல் நூலார் மொழிபெயர்ப்பர். சிறு மூலக்கூறுகள் பல, சங்கிலிபோல் தொடர்ந்து அமைந்த பொருள் அது. தண்ணீர்க் குழாய் செய்ய உதவும் பாலிவினைல் குளோரைடு என்னும் பலபடியின் நுண்பொடியே இதற்கு அடிப்படை. அப்பொடியை எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்வுப் பொருளோடு கலந்து, நிறம் சேர்த்துப் பிசைந்தால் களிபோல் ஆகும். செருமனியில் பொம்மை செய்யும் குடும்பம் ஒன்றில் தொடங்கிய பொருள் இது. 1960களில் ஃபிமோ என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. குழைவதால் களி என்றனர். களியைக் களிமண் என்றனர். பொம்மைக்கும் அணிகலனுக்கும் தோன்றிய பொருளை உண்கலமாக்கத் தூண்டியது அப்பெயரே.

சுடுதல் என்னும் சொல்லும் அவ்வாறே ஏமாற்றியது. சூளை மண்ணைப் பல நூறு பாகையில் கல்லாக்குகின்றது. இதுவோ 110 முதல் 130 பாகைக்குள், அரை மணி நேரத்தில் இறுகுவது. பொடித் துகள்கள் நெகிழ்வுப் பொருளை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடு ஒன்று இணையும், அவ்வளவே. நெகிழ்வுப் பொருள் வெளியேறுவதில்லை; உள்ளேயே இருக்கின்றது.

வாயால் கூறினால் இளையோர்க்கு நிறைவு வராது. ஆகவே அவளிடம் எஞ்சியிருந்த சுடாத களியில் ஓர் உருண்டையை வெள்ளைத் தாளின்மேல் வைத்து மூடினோம். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, அதன் அடியில், வடை வைத்த தாள்போல் எண்ணெய்க் கறை பரந்திருந்தது. “சுட்டபின் இவ்வளவு கசியாது, உண்மைதான். ஆனால் கொதிக்கும் பாயசமும் அதிலுள்ள நெய்யும் படும்போது சிறிதும் கசியாது என்று செய்தவர்களே உறுதி கூறவில்லையே. மேலும் கழுவக் கழுவ மேற்பரப்பில் நுண்கீறல் விழும், கீறலில் உணவு தங்கும், தங்கிய உணவில் கிருமி வளரும்” என்றேன்.

“மேலே வார்னிஷ் பூசிவிட்டால்?” என்றாள். “வார்னிஷும் உணவுக்கென்று செய்யப்பட்டது அன்று, அது தேய்ந்து உரிந்தால் பாயசத்தோடு அதையும் சேர்த்துக் குடிப்போம்” என்றேன். அதற்கு அவள் சிரித்துவிட்டாள். அன்று பாயசத்தை எவர்சில்வர் டம்ளரில் குடித்தோம்.

ஆயினும் அந்த நீலப் பூக்கள் என் கண்ணை விட்டு அகலவில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டபோது அவள் காட்டிய முறை வியப்புக்குரியது. பூவை அவள் வரையவே இல்லை. நீலக் களியில் ஐந்து நீண்ட திரிகளும், மஞ்சளில் ஒரு திரியும் உருட்டி, மஞ்சளை நடுவில் வைத்து நீலத்தைச் சுற்றி அடுக்கி, இடுக்குகளை வெண்களியால் நிரப்பி, எல்லாவற்றையும் ஒரே தண்டாக அழுத்தி உருட்டி நீட்டினாள். பிறகு கூரிய தகட்டால் வில்லை வில்லையாக நறுக்கினாள். வாழைத்தண்டை எங்கு நறுக்கினாலும் ஒரே வட்டம் தோன்றுவது போல, எவ்வில்லையிலும் அதே பூ மலர்ந்தது. பழைய உரோமரும், பின்னாளில் வெனிசு நகரத்தாரும் கண்ணாடியில் கையாண்ட முறை இது. அவர்கள் உலையில் செய்ததை இவள் உணவு மேசைமேல் செய்தாள்!

“ஒப்பனை வெளியே இருக்கட்டும், உணவு உள்ளே இருக்கட்டும்” என்று முடிவு செய்தோம். தடித்த கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இன்றித் துடைத்தாள். வாய் படும் விளிம்புக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு, வெளிப்புறத்தில் பூவில்லைகளைப் பட்டையாக ஒட்டினாள். அடுப்புக்குள் தனி வெப்பமானி வைத்து 130 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாள். வெப்பம் மிகுந்தால் இப்பொருள் கருகி, மூச்சை அடைக்கும் நச்சுப் புகையை விடும். ஆகவே சன்னலும் திறந்திருந்தது.

முதற் குவளை போயிற்று. வெந்த சூட்டோடு எடுத்துக் கருங்கல் மேடையில் வைத்தாள், ‘டக்’கென்று ஓர் ஒலி, அடிமுதல் விளிம்புவரை ஒரு கீறல். திடீரென்று குளிர்ந்தால் கண்ணாடி பொறுக்காது. இரண்டாவதைக் குளிர்ந்த அடுப்பில் வைத்துப் பையச் சூடேற்றி, அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டாள். அது நன்றாய் அமைந்தது. பின்னர் எவர்சில்வர்க் கரண்டிகளின் காம்புகளுக்கும் அவ்வாறே பட்டை கட்டினாள். கரண்டியின் வாய் வெறும் எஃகாகவே இருந்தது. இவற்றை ஊற வைக்காமல், வெந்நீரில் இடாமல், கையால் கழுவுகின்றோம். வெண்ணிறக் கிண்ணமும் வீண் போகவில்லை. என் மேசைமேல் அமர்ந்து என் பேனாவையும் மூக்குக்கண்ணாடியையும் தாங்குகின்றது.

சில நாள் சென்று அவளைப் புதுவை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அரிக்கமேட்டு ஓடுகள் இருந்த கண்ணாடிப் பேழையின்முன் நெடுநேரம் நின்றாள். கீற்றுகளால் ஆன வட்டங்களை விரலால் காற்றில் எண்ணினாள். வீடு திரும்பியதும் தன் பாட்டியின் தையற் பெட்டியைக் கிளறி, துணியில் புள்ளிக்கோடு இடும் சிறு பல்சக்கரத்தை எடுத்தாள். மறு குவளையின் பட்டையை ஒட்டி முடித்ததும், அதைச் சுடுவதற்குமுன், ஒரு கையால் குவளையை மெல்லச் சுழற்றிக்கொண்டே மறுகையால் அச்சக்கரத்தை அதன்மேல் ஓட்டினாள். சிறு சிறு கீற்றுகள் வரிசையாக விழுந்தன.